நோ இல்லாத நோய்

விளக்கெண்ணெய் பூசிய வெள்ளைத் தாள்களை
வயாவிளான் வீடுகளில் பொழுதுபடக் கட்டிவிட்டு
விடியக் கழற்றுவது என் வேலை.
வீடு என்றால்
கூரை இல்லை, கதவு இல்லை, நிலையும் இல்லை.
இருபத்தேழு வருஷம் ஆலமரம் குடியிருந்த
நான்கு சுவர்.
சுவரில் வெடிப்பு.
வெடிப்புக்குள் ஈரம்.
ஈரத்துக்குள் அது.

மணல் ஈ என்று பெயர். மணலிலும் இல்லை,
ஈ மாதிரியும் இல்லை.
நுளம்பில் கால்வாசி, உடம்பெல்லாம் மயிர்.
சிறகை மடிக்கத் தெரியாமல் நிமிர்த்தி வைத்துக்கொண்டு
சுவரோடு சுவராகத் தத்தித் தத்திப் போகும்.
இரைச்சல் கிடையாது.
நுளம்பு வலையின் கண்ணுக்குள்ளால்
குனியாமலே நுழையும்.

ஒட்டியதை ஊசிமுனையால் எடுத்துக் குப்பியில் இட்டு
லேபல் எழுதுவேன்: இடம், திகதி, எண்ணிக்கை.
பூச்சியம் என்றாலும் எழுத வேண்டும் என்பார் பரிசோதகர்.
எழுதாத பூச்சியம்
போகாத இடம்.

முதலில் கையைக் காட்டியது றெஜினோல்ட்.
காணி விட்ட அடுத்த மாசமே கொட்டில் போட்டவன்.
முழங்கைக்குக் கீழே ஒரு பரு.
கடித்தது தெரியாது, சொறிவும் இல்லை.
ஆறு மாசத்தில் ஐந்து ரூபாய்க் குற்றி அளவு.
நடுவில் பள்ளம், சுற்றிவர வரம்பு,
தண்ணீர் கட்டிய பாத்தி போல.
மஞ்சள் பூசினான்; பார்மசியில் ஏழு களிம்பு.
"நோகுதோ?" என்றேன்.
"நொந்தால் எப்பவோ வந்திருப்பன்."

புதுசாய் வந்த டொக்டர்
சேர்ட்டைக் கழற்றச் சொல்லித் தோளைத் தொட்டா.
"இதுவும் அதுவா?"
"இல்லை, உது ஷெல். தொண்ணூறாம் ஆண்டு."
"இது?"
"உதும்."
"இது?"
"உது சைக்கிளால விழுந்தது."
படிவத்தில் அச்சடித்த மனித உடம்பில்
ஒரேயொரு புள்ளி வைத்தா.

திலகேஸ்வரிக்கு மூக்கு நுனியில்.
குஷ்டமோ என்று கேட்ட பக்கத்து வீடு
பிறகு கேட்கவில்லை.
வாளி இரவல் வருவதும் நின்றது.
"ஆளுக்கு ஆள் ஒட்டாது எண்டு எழுதித் தாங்கோ."
கையில் வேறு தாள் இல்லை; லேபலில் எழுதினேன்.
மூன்று மழை தாண்டியும்
ஒட்டாது என்ற அந்தத் துண்டு
அவளின் படலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆர் கொண்டு வந்தது?
காம்ப் என்கிறது ஊர்.
காடு என்கிறது காம்ப்.
அதுவோ நூறு யார் பறந்தால் களைத்துவிடும்.
சுவரில் தொங்கும் வரைபடத்திலோ
இங்கே ஒரு புள்ளி, குடத்தனையில் மூன்று,
இடையில் ஒரு பஸ் பாதை.
ஏறியது அது இல்லை.
தோலுக்கடியில், ரிக்கெற் எடுக்காமல்,
அது கொடுத்தது ஏறியது.

வியாழக்கிழமைகளில் ஊசி.
புண்ணின் வரம்பைச் சுற்றி நாலு இடத்தில்.
அப்போதுதான் நோகும்.
நோ என்ற சொல்லிலிருந்து நோய் வந்ததாகப் படித்தவன் நான்;
இங்கே அது மருந்தோடு வருகிறது.
வாங்கில் றெஜினோல்டுக்குப் பக்கத்தில்
கன்னத்தில் அதே பாத்தியோடு ஒரு சிப்பாய்.
இருவருக்கும் பொது மொழி இல்லை.
உள்ளே போய் வந்த சிப்பாய்
விரல்களால் நாலு காட்டி, முகம் சுளித்தான்.
றெஜினோல்ட் தலையாட்டினான்.
அவ்வளவுதான்.
அடுத்த வியாழன் வாங்கின் அதே முனைகளில் இருந்தார்கள்.

இடிந்த சுவர்களை அகற்றுக என்று சுற்றறிக்கை வந்தது.
கொண்டுபோய்க் கொடுத்தேன்.
"உறுதி எரிஞ்சு போச்சு," என்றான் றெஜினோல்ட்.
"இந்தச் சுவர்தான் எனக்கு இப்ப உறுதி."
மறுநாள் அரை மூடை சீமெந்து குழைத்தான்.
கூரையில்லாத வீட்டின் வெடிப்புகளை
ஒவ்வொன்றாக, மேசன் கரண்டியால்,
ஷெல் ஓட்டைகளையும் சேர்த்துப் பூசினான்.
தெற்குச் சுவர் முடிய முன்னம்
சீமெந்து முடிந்தது.

இன்று விடிய அங்கே கட்டிய தாள்கள் நாலு.
பூசிய பக்கம் மூன்று: பூச்சியம், பூச்சியம், பூச்சியம்.
எழுதினேன்.
தெற்குச் சுவர்த் தாளை
இன்னும் வெளிச்சத்துக்குப் பிடித்தபடி
எண்ணிக்கொண்டிருக்கிறேன்.